ஒத்திகை இல்லாத நாடகம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு நாடகத்தைப் பற்றியாகும். அதிலும் கதையைவிட, அதை மேடையில் நின்று படிக்கும் நடிகனின் பாட்டைப் பற்றியே அதிகம் சொல்ல நினைக்கிறோம். நாடகத்தின் பெயர் "வெள்ளை முயல் சிவப்பு முயல்". எழுதியவர் நஸீம் சுலைமான்பூர்; 1981ல் தெஹ்ரானில் பிறந்த ஈரான் தேசத்தவர்.

அந்த நாட்டில் ஆண்கள் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேவை செய்தாக வேண்டும். இவர் மறுத்தார். மறுத்தவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஆளைத் தடுத்தவர்களால் அவர் எழுதிய காகிதத்தைத் தடுக்க முடியவில்லை. இங்கிலீஷில் எழுதி வெளிதேசங்களுக்கு அனுப்பினார். 2011ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலும், கனடாவில் டொராண்டோவிலும் அது மேடையேறிற்று.

இதற்கு டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது, சீன் ஜோடனை கிடையாது. ஒவ்வொரு இரவும் ஒரு புது நடிகர். அவர் அதை முன்னே பார்த்திருக்கவும் கூடாது, படித்திருக்கவும் கூடாது. மூடி ஒட்டிய உறையைச் சபையோர் முன்னிலையில் கையில் கொடுப்பார்கள். அங்கேயே கிழித்து, அங்கேயே படித்து, "செய்" என்று கண்டதை அங்கேயே செய்ய வேண்டும்.

யோசித்துப் பாருங்கள்! நடிகனுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? பாடம் மனப்பாடம், எந்த இடத்தில் கைதட்டு விழும் என்ற கணக்கு, மறந்தால் எடுத்துக் கொடுக்கத் திரைமறைவில் ஓர் ஆள். இவை ஒன்றுமே இங்கில்லை. அடுத்த பக்கம் சிரிக்க வைக்குமா, அழ வைக்குமா என்பது சபையோருக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். தீக்கோழியைப் போல் நடித்துக் காட்ட வேண்டுமென்றால் காட்டத்தான் வேண்டும். வேஷமும் இல்லை. ஆனால் "நான்" என்று அவர் வாய் சொல்லும்போது, அந்த நான் அவரல்ல. ஊரைவிட்டு வெளியேற முடியாமல் இருந்த வேறொருவர். 2016ல் நியூயார்க்கில் நாதன் லேன், ஊப்பி கோல்ட்பர்க் போன்ற பெயர்போன நடிகர்கள்கூட இப்படித்தான் கையில் காகிதத்தோடு நின்றார்கள்.

நிற்க. உள்ளே ஒரு முயல் கதை வருகிறது. ஏணியின் உச்சியில் ஒரு காரட். முதலில் ஏறி எடுக்கும் முயலுக்குச் சிவப்புச் சாயம். மற்ற முயல்களுக்குக் குளிர்ந்த தண்ணீர். ஆகவே அவை சிவப்பு முயலின்மேல் பாய்கின்றன. பிறகு பழைய முயல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புது முயல்களை விடுகிறார்கள். தண்ணீர் கொட்டுவதும் நின்றுபோகிறது. கடிப்பது மட்டும் நிற்கவில்லை. ஏன் கடிக்கிறோம் என்று அந்த முயல்களுக்கே தெரியாது. (இது கதை. குரங்குகளை வைத்தும் இதேபோல் சொல்லுவார்கள். விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததாக்கும் என்று யாரும் வாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகவேண்டாம்!)

மேஜைமேல் இரண்டு கிளாஸ் தண்ணீர் இருக்கிறது. ஒன்றில் ஏதோ பொடி கலக்கப்படுகிறது. விஷமாக இருக்கலாம் என்கிறது நாடகம். குடிப்பதா என்ற கட்டம் வருகிறது. விஷமிராது என்று எல்லோரும்தான் நினைக்கிறார்கள். இருந்தாலும், எழுதினவன் எங்கோ ஒரு தேசத்தில். அடிக்க ஆளில்லை, அபராதம் போட ஆளில்லை. காகிதத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மனிதன் கிளாசைத் தூக்கலாமா? நம்பர் சொல்லிக் கூப்பிட்டதும் சபையிலிருந்து எழுந்து மேடையேறி, சொன்னதைச் செய்கிறவர்கள் எதற்காகச் செய்கிறார்கள்? கெடுதல் நேர்ந்தால் பொறுப்பு எழுதினவனுக்கா, படித்தவனுக்கா, டிக்கட் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கா? ஏட்டில் இருக்கிறது, பெரியவர்கள் செய்தார்கள், ஆகவே செய்கிறோம் என்று நம்மில் எத்தனை பேர் தினம் அந்தக் கிளாசைத் தூக்குகிறோமோ, அவரவரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். முடிவு என்ன என்பதை நாம் சொல்லப்போவதில்லை. நாளைக்கு உங்களில் ஒருவரே அதைப் படிக்க நேரலாம். அப்போது தெரியாமல் போவதுதான் நல்லது.

எழுதினவருக்குக் கண்ணில் கோளாறு என்று கண்டு, பட்டாள சேவையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டும் கிடைத்தது. 2013ல் ஆஸ்திரேலியாவிலுள்ள பிரிஸ்பேன் நகரத்தில்தான் தம் நாடகத்தை அவர் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்.