கண்ணிமைப் புற்று தானே மறையுமா?

(பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கண்கட்டி வந்தால் நாமக்கட்டியை உரைத்துப் பூசுவோர் உளர். சாதாரணக் கட்டி பெரும்பாலும் தானே அமுங்கிவிடும். பெருமை மட்டும் நாமக்கட்டிக்குப் போய்ச் சேரும். அக்கட்டி புற்றுநோயாக இருப்பின் என்னாகும் என்பதையே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

கண்ணிமையில் தோன்றும் புற்றும் சில வேளைகளில் சிகிச்சையின்றியே மறைவதுண்டு. இது கட்டுக்கதையன்று, மருத்துவ ஏடுகளில் பதிவான உண்மை. 1972-ஆம் ஆண்டில் டாக்டர் சிரில் டோக்கர் விவரித்த 'மெர்க்கல் செல்' புற்று இவ்வாறு மறைந்ததுண்டு. சோதனைக்காகச் சிறு துண்டு எடுத்தபின், எஞ்சிய பகுதி தானே கரைந்த நிகழ்ச்சிகளும் உள. உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் விழித்தெழுந்து புற்றைத் தாக்குவதே காரணம் என அறிஞர் கருதுகின்றனர். அக்காவற்படையைத் தடுத்து நிறுத்தும் தளைகளை அகற்ற வழிகண்ட ஜேம்ஸ் அல்லிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வழியில் பிறந்த மருந்துகள் இன்று மெர்க்கல் புற்றுக்கும் பயன்படுகின்றன.

அங்ஙனமாயின் நாமும் காத்திருக்கலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். கூடாது. மெர்க்கல் புற்று அரிது. அது தானே மறைவது அதனினும் அரிது. கோடையில் ஒருநாள் மழை பெய்தது என்பதற்காக எவரும் கிணற்றைத் தூர்ப்பதில்லை அன்றோ?

நம் நாட்டில் கண்ணிமையில் மிகுதியும் காணப்படும் புற்றுகளுள் ஒன்று, இமையின் நெய்ச்சுரப்பிகளில் தோன்றுவது. அது கண்கட்டியைப் போலவே வேடமிட்டு வரும். பெரும்பாலும் வலி இராது. ஆகவே நாட்கள் வீணே கழியும். பின்னர்க் காதருகிலும் கழுத்திலும் நெறி கட்டும்; கண்ணோடு உயிருக்கும் ஆபத்து நேரும். தொடக்கத்திலேயே அகற்றினால் பெரும்பாலும் இரண்டையும் காக்கலாம்.

அறிகுறிகள் இவை: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி; அவ்விடத்தில் இமைமயிர் உதிர்தல்; ஆறாது இரத்தம் கசியும் புண்; ஒரு கண்ணில் மட்டும் நீடிக்கும் சிவப்பு. இவற்றுள் ஒன்று ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் கண் மருத்துவரை அணுக வேண்டும். அவர் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து முடிவு கூறுவார். கத்தி பட்டால் புற்று பரவும் என்று அஞ்சிப் பின்வாங்கலாகாது.

மருத்துவ வசதி வெகுதொலைவில் இல்லை. அரசு மருத்துவமனைகள் உள. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் இருக்கின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அரிய முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சென்னையில் தொண்டாற்றி வருகின்றது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபையில் இச்செய்தியை எடுத்துரைத்தல் வேண்டும். வெயிலில் உழைத்து முதிர்ந்தோரின் கண்களைக் கவனிக்க வேண்டும். துணையின்றி இருப்போர்க்குத் துணையாக ஒருவரை அனுப்ப வேண்டும். தானே மறையும் புற்று மறையட்டும். அதனையும் மருத்துவர் கண்காணிப்பிலேயே மறையச் செய்வோம்.