வாரம் ஒரு நாள் தொட்டியைத் தேய்ப்போம்

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



நெல்லுக்கு மேலுரம் எப்போது போடலாம், கத்தரியில் காய்ப்புழு வந்தால் என்ன செய்யலாம் என்று பேசுகிறவன், இன்று கொசுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "டெங்கு பட்டணத்து வியாதியாச்சே, அதை ஏன் எங்ககிட்டே சொல்றீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. பட்டணம் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், நம் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

1996-ஆம் ஆண்டு தில்லி மாநகரில் 10,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. அவர்களில் 400 பேருக்கு மேல் இறந்து போனார்கள். அத்தனை பெரிய நகரத்தில் அந்தக் கொசு எங்கே வளர்ந்தது? சாக்கடையில் அல்ல, குப்பை மேட்டிலும் அல்ல. ஜன்னல் ஓரம் வைத்த ஏர்கூலர் பெட்டியில் தேங்கிய தண்ணீரிலும், மாடித் தொட்டியிலும், டிரம்மிலும் வளர்ந்தது. அதாவது, மனிதன் தன் சௌகரியத்துக்காகச் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில் வளர்ந்தது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு, 66 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு மிகவும் அடிபட்டது சென்னைப் பட்டணம் அல்ல, திருநெல்வேலிச் சீமை. குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தரம் வந்தால் வீட்டுக்கு வீடு டிரம்மும் அண்டாவும் நிரம்பித்தானே இருக்கும்? பட்டணத்தைப் போலத் தண்ணீர் சேர்க்கும் எந்த ஊரிலும் பட்டணத்துக் கொசு குடியேறிவிடும்.

இந்தக் கொசுவுக்கு ஏடிஸ் என்று பெயர். உடம்பு கறுப்பு. காலிலும் உடம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் பட்டை இருக்கும். இது பகலில் கடிக்கும். காலையிலும், பொழுது சாய்வதற்கு முன்னாலும் கடி அதிகம். நெல் வயலில் வளர்வது வேறு கொசு. அது சில இடங்களில் மூளைக் காய்ச்சலைப் பரப்பும். சாக்கடைக் கொசு யானைக்கால் வியாதியைப் பரப்பும். டெங்குக் கொசுவோ வீட்டோடு ஒட்டி வாழ்வது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு அடிக்கு மேல் அது போவது குறைவு. ஆகவே உங்கள் குழந்தையைக் கடித்த கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

"அப்படியென்றால் பட்டணத்திலிருந்து நம் ஊருக்கு எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். வியாதி பஸ் ஏறி வந்தது. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளை காய்ச்சலோடு ஊருக்கு வருகிறான். அவனைக் கடிக்கும் ஊர்க் கொசுவின் உடம்பில் டெங்குக் கிருமி ஏறி, எட்டு முதல் பன்னிரண்டு நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தயாராகிவிடும். கொசுவின் முட்டையும் அப்படித்தான். டயர் வண்டிக்கு என்று வாங்கிய பழைய டயரிலும், மலிவாகக் கிடைத்த பழைய டிரம்மிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்த முட்டை விஷயத்தை நீங்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரம் பட்ட தொட்டிச் சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கிறது. தொட்டி வற்றினாலும் முட்டை பல மாதம் சாகாமல் கிடக்கும். கோடையெல்லாம் காய்ந்த மண்ணில் கிடந்த களை விதை, முதல் மழைக்கு முளைத்து வருகிறதே, அதைப் போல! மறுபடி தண்ணீர் நிறைந்ததும் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

"பஞ்சாயத்திலே புகை அடிக்கிறாங்களே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். காய்ச்சல் பரவும் நேரத்தில் புகை அடிப்பது ஓரளவு உதவும். ஆனால் அது பறக்கிற கொசுவில் சிலவற்றைத்தான் கொல்லும். இந்தக் கொசு கட்டிலுக்கு அடியிலும், மாட்டிய துணிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். தெருவில் அடிக்கிற புகை அதுவரை போய்ச் சேராது. தொட்டியில் கிடக்கிற புழுவையும் முட்டையையும் புகை தொடவே தொடாது. தண்டுத் துளைப்பானுக்கு நாம் என்ன செய்கிறோம்? நடவுக்கு முன்பு நாற்றின் நுனியைக் கிள்ளி, அதில் உள்ள முட்டைக் குவியலோடு அழித்துவிடுகிறோம். அந்துப்பூச்சி பறந்த பிறகு வயலெல்லாம் துரத்துவதில்லை. கொசுவுக்கும் அதே கணக்குதான்.

சிங்கப்பூர் நகரம் இதைத்தான் செய்தது. 1968-இல் சட்டமே போட்டு, வீடு வீடாகப் போய், கொசுப்புழு வளரும் தண்ணீரைத் தேடினார்கள். புழு வளர விட்டவருக்கு அபராதம். பல ஆண்டுகள் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. அப்படியும் 2020-இல் 35,000 பேருக்கு மேல் அங்கே டெங்கு கண்டது. இது ஒரு பருவம் செய்துவிட்டுக் கைகழுவுகிற வேலை அல்ல. களையெடுப்பு மாதிரி, விட்டால் திரும்பவும் முளைக்கும்.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? சொல்கிறேன்.

முதலாவதாக, வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டை கொசுவாவதற்கு ஏழு நாளாவது வேண்டும் என்பதால்தான் வாரம் ஒரு நாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற வழக்கம் உண்டல்லவா? அன்றைக்கே டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு தண்ணீர் பிடியுங்கள். பிடித்த தண்ணீரை இறுக்கமாக மூடி வையுங்கள். மூடி இல்லாவிட்டால் வேட்டித் துணியைப் போட்டுக் கயிற்றால் கட்டுங்கள்.

இரண்டாவதாக, புறவாசலையும் களத்து மேட்டையும் சுற்றிப் பாருங்கள். வெட்டிப் போட்ட இளநீர்க் கூடு, கொட்டாங்கச்சி, உடைந்த பானை, பழைய டயர், பயன்படாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, வைக்கோல் போரை மூடிய தார்ப்பாயின் மடிப்பு, காலி மருந்து டப்பா, மழையில் கிடக்கும் தெளிப்பான் – இதிலெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றாலே போதும். குமரிப் பக்கத்து ரப்பர் விவசாயிகள், பால் வெட்டாத நாட்களில் மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். தொட்டி தேய்ப்பது பெண்கள் வேலை என்று ஆண்கள் ஒதுங்கிவிடாதீர்கள். தோட்டமும் களமும் உங்கள் பொறுப்பு.

மூன்றாவதாக, மாட்டுத் தொட்டியையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். காலி செய்ய முடியாத பாசனத் தொட்டியில் கப்பி மீன் விடலாம். கொசுப்புழுவை விரும்பித் தின்னும். குடிதண்ணீர்த் தொட்டிக்குச் சுகாதாரப் பணியாளர்கள் அளவாக மருந்து ஊற்ற வந்தால் தடுக்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயிருக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை ஒருநாளும் வீட்டுக்குள் அடிக்காதீர்கள், தொட்டியிலும் ஊற்றாதீர்கள். கொசுவுக்கு முன்னால் குழந்தை விழுந்துவிடும்.

இத்தனை செய்தும் காய்ச்சல் வந்தால்? திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும்; அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கக் கூடாதல்லவா?

முக்கியமான விஷயம் இதுதான். மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியதும், "புள்ளைக்குச் சரியாப் போச்சு" என்று கழனிக்குக் கிளம்பிவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த இரண்டொரு நாளில்தான் வருகிறது. கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல் – இதில் ஒன்றைக் கண்டாலும் ராத்திரியானாலும் 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நேரத்தோடு போன பிள்ளையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பயிரில் பூச்சி வந்தால், நம் வயலில் மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வயலிலும் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெருவில் ஒரு வீட்டுத் தொட்டி விட்டுப்போனாலும் தெருவுக்கே ஆபத்து. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுத் தொட்டியைத் தேய்த்து முடித்ததும், பக்கத்து வீட்டையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.