கணினிக்குப் பக்கத்தில் யார்?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும் பெற்றோர் இப்போதெல்லாம் மறக்காமல் கேட்பது, கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா என்பதைத்தான். அந்தக் கணினிக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. பள்ளியில் கணினி பயன்படுவதும், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் வராமல் இருப்பதும் இந்த இரண்டாவது கேள்வியைப் பொறுத்தவை என்பது என் வாதம். புதுச்சேரியின் மூலக்குளத்திலிருந்தும் அரும்பார்த்தபுரத்திலிருந்தும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்திலிருக்கும் வில்லியனூர் போதும்.

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியோடு, வில்லியனூரை நடுவமாக வைத்துச் சுற்றுவட்டாரங்களில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. நம் கிராமங்களில் இணையம் என்ற சொல்லே பரவாத காலம். தொலைபேசி எட்டாத இடங்களுக்கு வானொலி அலை வழியாகத் தகவல் போனது. மின்சாரம் நின்றால் சூரிய மின்பலகை கைகொடுத்தது. இவற்றையெல்லாம் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தைத் தாங்கியவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள்; அவர்களில் பெண்கள் கணிசம். விளைபொருள் விலை, அரசுத் திட்டம், மருத்துவமனை விவரம் எனத் தங்கள் ஊருக்கு எது வேண்டும் என்று கேட்டு, தமிழில் திரட்டித் தந்தார்கள். மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் அறிவித்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, கடலோர ஊரான நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி எச்சரிக்கை வந்தபோது, ஊரை வெளியேறச் சொன்னது அறிவு மையத்தின் ஒலிபெருக்கிதான். அன்று உயிர்களைக் காத்ததில் கணினித் திரைக்குப் பெரிய பங்கில்லை. கேட்ட செய்தியை நம்பி, உடனே ஊருக்குச் சொன்ன மனிதர்களுக்குப் பங்கு உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதுவும் ஒரு தமிழ்க் கிராமத்தைக் காட்டியே சொல்லப்படுவது. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 1999இல் தில்லியின் கல்காஜியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். சொல்லித்தர ஆளே இல்லாமல் குழந்தைகள் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு தமிழ் மட்டுமே பேசும் காளிக்குப்பம் என்ற கிராமத்தில், மூலக்கூறு உயிரியலை ஆங்கிலப் பாடமாகக் கணினியில் வைத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வைப் பலரும் ‘ஆசிரியரே தேவையில்லை’ என்று படித்தார்கள். முழுதும் படித்தால் வேறு சங்கதி தெரியும். பிள்ளைகள் தாமாகப் படித்து எட்டியது பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் அளவை. தில்லியின் உயர்ந்த தனியார் பள்ளிக்குச் சமமாக வந்தது, உயிரியல் எதுவும் தெரியாத ஒருவர் கூடவே இருந்து, ‘எப்படிச் செய்தாய், இன்னும் என்ன தெரியும்’ என்று ஊக்கப்படுத்திய பிறகுதான். பாடம் தெரியாவிட்டாலும் அக்கறையுள்ள ஒரு பெரியவர் போதும் என்பது ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பள்ளிகளுக்கு நல்ல செய்தி. அந்த ஒருவரும் வேண்டாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆள் இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு இருக்கிறது. அங்கே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று வாரிக் கொடுத்தார்கள்; 2012இல் வெளியான மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. பள்ளிக் கணினிக்கு நிறையச் செலவழித்த நாடுகளிலும் மாணவர் தேர்ச்சி அதனால் குறிப்பிடும்படி உயரவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015இல் சொன்னது. நமக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 2024-25 கல்வியாண்டுக்குள் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் திரையில் ஓடும் ஆங்கிலப் பாடம் வெறும் படமாகவே நின்றுவிடலாம். நடுவில் நிறுத்தி, ‘இப்போது என்ன சொன்னார்கள், தமிழில் சொல்’ என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் அது வகுப்பு.

அப்படியானால் செல்போனையும் கணினியையும் பள்ளியை விட்டே துரத்திவிடலாமே என்பார்கள். வகுப்பு நேரத்தில் மாணவர் கையில் செல்போன் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பள்ளி வாசலில் போடும் தடை மாலை நான்கு மணிக்கு முடிந்துவிடுகிறது. கிராமப்புற இந்தியாவில் எடுத்த ‘அசர்’ 2024 கல்வி ஆய்வில், 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்திருந்தது. அவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காக 76 சதவீதம். சமூக ஊடகம் பயன்படுத்துகிறவர்களில், தொல்லை தரும் ஒருவரைத் தடுக்கவோ அவர்மீது புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான். மற்றவர்கள் இதை எங்கே போய்க் கற்பார்கள்? வீட்டிலா? பல வீடுகளில் பிள்ளைதான் அம்மாவுக்கு வாட்ஸ்அப் போட்டுத் தருகிறது.

பாதுகாப்பு என்றதும் ஆபாசத் தளங்களை மறைக்கும் மென்பொருளோடு பள்ளிகள் நின்றுவிடுகின்றன. அது வேண்டியதே; ஆனால் தெரிந்த நண்பனே படத்தைத் திரித்து மிரட்டும்போது எந்த மென்பொருளும் குறுக்கே வராது. அதைச் சொல்லியழ ஒரு ஆள் வேண்டும். செல்போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் இருக்கும்வரை பிள்ளை வாயைத் திறக்காது. பணம் பறிபோனால் 1930, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098 என்ற எண்களைச் சுவரில் எழுதி வைக்கலாம். பெரும்பாலும் அவற்றை அழைக்கப் போவதும் ஒரு பெரியவர்தான். கண்ணுக்குத் தெரியாத தகவல் கசிவும் இருக்கிறது. கொரோனா காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை 49 நாடுகளில் ஆராய்ந்த மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பத்தில் ஏறக்குறைய ஒன்பது செயலிகள் பிள்ளைகளின் தகவலைக் கையாண்ட விதம் அவர்கள் உரிமைக்கு ஊறு விளைவித்தது அல்லது விளைவிக்கக்கூடியது என்று 2022இல் அறிவித்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. எதற்கு ஒப்புகிறோம் என்று பெற்றோருக்கு விளக்குவது யார்? இங்கும் அதே ஆள்தான் தேவைப்படுகிறார்.

‘அத்தனை ஆளுக்கு எங்கே போவது’ என்பது கடைசி மறுப்பு, நியாயமானதும்கூட. கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே 2001இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் மற்றப் பாட ஆசிரியர்களையே பயிற்றியது. கட்டற்ற மென்பொருளைக் கையாண்டு உரிமச் செலவைக் குறைத்தது. 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். 2022இல் அந்தப் பிள்ளைகளே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இதைச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. பழைய அறிவு மையங்களில் வேலை பார்த்த பெண்கள் கணினிப் பட்டதாரிகளாக இருந்து வந்தவர்கள் அல்லர். பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கூடும்போது, புதிய கணினிகளுக்கான தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சி பெற்ற இரண்டு உள்ளூர்ப் பெண்களின் மாதச் சம்பளத்துக்கு ஒதுக்கும்படி பெற்றோர் கேட்கலாம். நான்கு கணினி குறைந்தாலும் பரவாயில்லை.