மறைநூல் ஆசிரியரும் மனச்சான்றும்: டேனியல் பெரிகன்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் கவிஞர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமே. ஆயின் அவர் கல்லூரியில் கற்பித்தது கவிதையன்று, சமயம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரிலுள்ள லெமாய்ன் என்னும் சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் 1957 முதல் 1963 வரை புதிய ஏற்பாடு கற்பித்த டேனியல் பெரிகன் அவர். சமய ஆசிரியர் நூலின் பொருளை விளக்குவதோடு அமையலாமா? அப்பொருள் தம்மீது சுமத்தும் கடமையையும் ஏற்றல் வேண்டுமா? இவ்வினாவிற்கு அவர்தம் வாழ்க்கை ஒரு விடை. எல்லாரும் ஒப்பிய விடையன்று.

லெமாய்ன் கல்லூரியை இயேசு சபையினர் 1946இல் நிறுவினர். 17ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் ஒனொண்டாகா மக்களிடம் வந்த சீமோன் லெமாய்ன் என்னும் துறவியின் பெயரைத் தாங்கியது அது. தொடக்கம் முதலே ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயின்றனர். அக்காலக் கத்தோலிக்கக் கல்லூரிகளில் எத்துறை மாணவரும் இறையியல் படித்தாக வேண்டும். கற்பித்தோர் பெரும்பாலும் குருக்களும் துறவியரும் ஆவர். குருமடப் பாடத்தைச் சுருக்கித் தருவதே கற்பித்தல் எனப் பலவிடத்தும் கருதப்பட்டது. இக்குறையை ஆசிரியர்களே உணர்ந்தனர். 1954இல் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். 1967 முதல் கல்லூரி இறையியல் கழகம் எனப் பெயர் பெற்றது அதுவே. இதற்கு முன்னரே, 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விடுத்த சுற்றுமடல், விவிலியத்தை அதன் மூலமொழி, காலச்சூழல், இலக்கிய வகை ஆகியவற்றைக் கொண்டு ஆராய்வதற்கு இடமளித்திருந்தது. மறைநூல் வகுப்பில் கவியுள்ளம் படைத்த ஒருவர் நுழைதற்கு ஏற்ற காலம் கனிந்திருந்தது எனலாம்.

1921இல் பிறந்த பெரிகன், 1939இல் இயேசு சபையில் சேர்ந்து 1952இல் குருவானார். பின்னர்ப் பிரான்சு நாட்டில் தங்கியபோது, ஆலைகளில் உழைத்துத் தொழிலாளரோடு தொழிலாளராய் வாழ்ந்த குருக்களைக் கண்டார். 1954இல் உரோமை அவ்வியக்கத்தைக் கட்டுப்படுத்தியது. பெரிகன் நெஞ்சிலோ அது பதிந்துவிட்டது. 1957இல் அவருடைய முதற் கவிதைத் தொகுதி லாமோன்ட் பரிசு பெற்றது. அவ்வாண்டே லெமாய்ன் பணியும் தொடங்கியது. அங்கு அவர் 'சர்வதேச இல்லம்' என்றொரு விடுதியை அமைத்தார். அயல்நாட்டு ஏழைமக்களிடையே பணிபுரிய முன்வரும் மாணவர்களை ஆயத்தம் செய்வதே அதன் நோக்கம். வறியவரைப் பற்றி நற்செய்தி நூல் கூறுவதைக் கேட்டுவிட்டுத் தேர்வெழுதிச் செல்லும் நிலை அங்கு மாறிற்று. சிறிய கல்லூரியின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. அங்கு ஆசிரியரின் சொல்லை மட்டுமன்று, அவர் நடந்துகொள்ளும் முறையையும் மாணவர் நாள்தோறும் காண்பர்.

இதன் விளைவு எளியதன்று. அக்கல்லூரியில் பயின்ற டேவிட் மில்லர் என்னும் இளைஞர், வியட்நாம் போரை எதிர்த்து, 1965 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கில் தம் கட்டாய இராணுவச் சேவை அட்டையைப் பொதுவிடத்தில் எரித்தார். அவ்வாறு எரித்தலைக் குற்றமாக்கிய சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வந்திருந்தது. அவர் சிறை சென்றார். பெரிகன் தம் கையால் தீ மூட்டியது அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னரே. 1968 மே 17 அன்று, மேரிலாந்து மாநிலத்துக் கேட்டன்ஸ்வில்லில் அவரும் அவருடைய தம்பி பிலிப் பெரிகனும் மற்றும் எழுவரும் இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தினின்று 378 கோப்புகளை வெளியே எடுத்து, தாமே செய்த நேபாம் ஊற்றி எரித்தனர். இறைவேண்டல் செய்தவாறு காவலர் வருகைக்குக் காத்துநின்றனர். பெரிகனுக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1970 ஏப்ரலில் சரணடைய மறுத்துத் தலைமறைவானவர் ஆகஸ்டில் பிடிபட்டார். 1972 பிப்ரவரியில் விடுதலையானார். நீதிமன்ற வாக்குமூலங்களைக் கொண்டே அவர் யாத்த நாடகம் மேடையேறியது, திரைப்படமும் ஆயிற்று.

இச்செயலைப் போரெதிர்ப்பாளர் அனைவரும் ஏற்றிலர். கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் டாரதி டே, அவர்தம் துணிவைப் போற்றியவரே எனினும், உடைமையை அழிப்பது அகிம்சைக்கு ஒத்ததா என ஐயுற்றார். அவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆசிரியர் பணிக்கும் இதிற் பாடம் உண்டு. ஆசிரியருக்குச் சபையும் புகழும் துணையாக நிற்கும். இருபது வயது மாணவருக்கு அத்துணை இல்லை. மனச்சான்றை விழிப்பிப்பவர், விழித்தவர் செலுத்தும் விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். லெமாய்ன் கதையில் மாணவரே முதலில் அவ்விலையைக் கொடுத்தார். ஆசிரியர் பிந்தியேனும் அதே விலையைக் கொடுத்தார் என்பதே அவர்க்குப் பெருமை.

பிற்காலத்தில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் கவிஞராகத் தங்கிப் பணியாற்றிய பெரிகன், 2016 ஏப்ரல் 30 அன்று தம் 94ஆம் வயதில் மறைந்தார். மறைநூலை விளக்கும் நூல்களையும் கவிதைகளையும் இறுதிவரை எழுதினார். அவரைப் பொறுத்தவரை அவ்விரண்டும் வேறு வேறு பணிகள் அல்ல. சொல்லைப் பொருளோடு சேர்த்துப் பிடித்திருக்கும் முயற்சியே இரண்டும். கவிதை எழுதுவோர் கூடியுள்ள இவ்வவையில், எழுதிய சொல்லுக்கு எழுதியவர் எவ்வளவு பொறுப்பு என்னும் வினாவை வைத்து இவ்வுரை நிறைவு பெறுகிறது.