மலைப் பாதையில் ஒரு மணிச் சத்தம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



"அமெரிக்காவில் மலை மேல் சைக்கிள் ஓட்டினீர்களாமே, பத்து நிமிடம் சொல்லுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். எனக்கு அடுத்து வருவது, வளாகத்துக்குள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதைத் தடை செய்யும் தீர்மானம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. முதலில் மலையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அங்கேதான் இருந்தோம். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் கவுண்டி. அங்கே கடலை ஒட்டியே ஒரு மலை நிற்கிறது. பெயர் டமல்பைஸ். உயரம் 784 மீட்டர், நம் ஏற்காட்டில் ஏறக்குறைய பாதி. ஆனால் ஏற்காட்டிலிருந்து கடல் தெரியாது. இங்கே ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறுபக்கம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

இந்த மலையில் 1896இல் ஒரு ரயில் ஓடத் தொடங்கியது. அடிவாரத்தில் இருக்கும் மில் வேலி ஊரிலிருந்து உச்சி வரை சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் 281 வளைவுகள். உலகத்திலேயே அதிகம் வளைந்த ரயில் பாதை என்று விளம்பரம் செய்தார்கள். ஓரிடத்தில் பாதை சுற்றிச் சுற்றித் தனக்கே இணையாக ஐந்து முறை வரும். நம் ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிறது, 12 அடிக்கு 1 அடி ஏற்றம். இங்கே பல்சக்கரம் கிடையாது. எஞ்சினுக்கே கியர் வைத்தார்கள். அதனால் ஏற்றமும் மிதமானது. மிகச் செங்குத்தான இடமே 100 அடிக்கு 7 அடிதான். இந்த 7 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ச் சாலை வந்த பிறகு ரயிலுக்கு ஆள் குறைந்தது. 1930இல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அந்தத் தடம் மட்டும் கல்லும் மண்ணுமாகத் தங்கிவிட்டது. இன்றைக்கு அது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவான பாதை.

அதில் ஓட்டத்தான் கிரேவல் பைக் வாடகைக்கு எடுத்தேன். சரளைக்கல் பாதைக்கென்றே வந்திருக்கும் சைக்கிள் அது. ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிளைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், டயர் மட்டும் அகலம். என் வண்டியில் 45 மில்லிமீட்டர். ரேஸ் சைக்கிளில் கல் போல் இறுக்கமாகக் காற்று அடிப்போம். இதில் அப்படி அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து இடிக்கும், பிடிமானமும் போய்விடும். டயர் கொஞ்சம் அமுங்கிக் கல்லைத் தழுவிப் போக வேண்டும். ஏற்றத்துக்கு மிகச் சிறிய கியர். அவசரப்படாமல் மிதித்தால் என்னைப் போல 61 வயதுக்காரரும் ஏறிவிடலாம்.

நீங்கள் போவதாக இருந்தால் துணி விஷயத்தில் ஏமாறாதீர்கள். கொடைக்கானலில் மேலே போகப் போகக் குளிரும். கோடைக் காலத்தில் இங்கே தலைகீழ். கலிபோர்னியக் கரையோரக் கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். அதன் மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகி, தாழ்வான இடங்களை எல்லாம் மூடிவிடும். நான் அடிவாரத்தில் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு கிளம்பினேன். பாதி மலையில் பனியைத் தாண்டி வெளியே வந்ததும் சுள்ளென்று வெயில். கீழே பார்த்தால் ஊரும் இல்லை, கடலும் இல்லை, வெள்ளைப் பஞ்சு விரித்தது போல ஒரே மேகம். வழியில் ரயில் காலத்து விடுதி ஒன்று இருக்கிறது, 1904இல் கட்டியது. அதன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, இந்த வயதில் இது போதும் என்று தோன்றியது.

இந்த மலைக்குச் சைக்கிள் சரித்திரத்திலும் இடம் உண்டு. 1970களில் இந்தப் பகுதி இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைச்சரிவில் இறக்கி ஓட்டினார்கள். பக்கத்தில் ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே ஒரு சரிவில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதற்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக்தான் அப்போது. கீழே வந்து சேர்வதற்குள் சக்கர மையத்தின் கிரீஸ் சூட்டில் புகைந்து காலியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தச் சரிவுக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று அங்கே ஓட்டியவர்கள்தான் இன்றைய மவுண்டன் பைக்குக்கு வழி போட்டவர்கள்.

அடுத்த பத்து வருடத்தில் மலை முழுக்கச் சைக்கிள். காலங்காலமாக அங்கே நடந்துகொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அகலமான மண் பாதைகளில் அனுமதி உண்டு, வேகத்துக்கு வரம்பு வைத்து. மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். எதிரில் ஆள் தெரியாத வளைவிலும் ஒருவரைத் தாண்டும்போதும் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர். ராடார் கருவியோடு ரேஞ்சர்கள் நின்று வேகத்தைப் பார்த்ததும் உண்டு.

அந்த விதியைக் கிளம்பும்போது பலகையில் படித்தேன். படித்துவிட்டு மறந்தேன்.

இறங்கும்போது மறுபடியும் பனிக்குள் நுழைந்தேன். உற்சாகம் வேறு. ஒரு வளைவில் மணி அடிக்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. திரும்பியதும் பத்தடி தூரத்தில் வயதான தம்பதி. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். சரளையில் பின்சக்கரம் வழுக்கியது, நான் விழுந்தேன். அந்த அம்மா பதறி ஓரத்துக்கு ஒதுங்கினார், கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் பள்ளம்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு உள்ளங்கையில் ரத்தம். தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கைக்குட்டையால் கட்டினேன். நடுங்கியது என் கைதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்களோடு முக்கால் மணி நேரம் நடந்தே இறங்கினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. இந்தப் பாதையில் நாற்பது வருடமாக நடப்பதாகச் சொன்னார். ஒரு காலத்தில் சைக்கிளே கூடாது என்று சண்டை போட்டவராம். இப்போது அவர் கேட்பது இரண்டுதானாம். வளைவில் மெதுவாக வாருங்கள், வருவது எங்கள் காதில் விழட்டும்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் பேஸ்மென்ட் ரேம்ப் அருகே ஒன்பது வயதுப் பையன் சைக்கிளில் வந்து, நடைப்பயிற்சியில் இருந்த சி பிளாக் அம்மா மேல் மோதினான். அவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. சமையலுக்கும் மற்றதற்கும் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். முன்வரிசையில்தான் இருக்கிறார். அவர் வலியைச் சிறிதாக்க நான் இங்கே வரவில்லை. சைக்கிளைத் தடை செய்யக் கோரிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் நான்தான். மூன்றே மாதத்தில், 61 வயதில், அதே தவறை நானே செய்தேன். அந்தப் பையனுக்காவது பலகை வைத்து யாரும் விதி சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் டேப் எடுத்துப் போய் நம் ரேம்ப்பை அளந்தேன். 100 அடிக்கு 10 அடிக்கும் கொஞ்சம் அதிகம். அந்த மலை ரயில் பாதையில் 7 என்று சொன்னேன் அல்லவா? அதைவிட நம் ரேம்ப் செங்குத்து. கீழே முடியும் இடத்தில் தூண் மறைக்கிறது, வருவது யார் என்று தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 24 கிலோமீட்டரில் போனால் ஒரு விநாடியில் ஆறரை மீட்டர் தாண்டிவிடுவோம். விரல் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு விநாடி போய்விடும். 8 கிலோமீட்டரில் அது இரண்டேகால் மீட்டர்தான். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுக்கும் தூரமோ வேகத்தின் வர்க்கமாகக் கூடும். மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு தூரம். வளைவில் 5 மைல் என்று வைத்ததன் நியாயம் எனக்கு விழுந்த பிறகுதான் புரிந்தது.

ஆகவே என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். தடைக்குப் பதிலாக நான்கு விஷயங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ரேம்ப்பில் சைக்கிளை ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் இறங்க வேண்டும், பெரியவர்களுக்கும் இதே விதி. தூண் அருகே குவிகண்ணாடி ஒன்று மாட்ட வேண்டும். மணி இல்லாத சைக்கிளை உள்ளே ஓட்ட அனுமதிக்கக் கூடாது. காலை எட்டு மணி வரை உள்சாலை நடப்பவர்களுக்கு மட்டும். மணி வாங்கும் செலவு என்னுடையது, முதல் மணியை அந்தப் பையன் சைக்கிளில் நானே மாட்டுகிறேன்.

சி பிளாக் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டெடுப்பில் உங்கள் கருத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். தடைதான் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது, எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கை தூக்குவதற்கு முன், கையில் ரத்தத்தோடு என்னோடு நடந்து வந்த அந்த அம்மாவையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.