தங்க முலாம் பூசிய ஓர் ஆணி

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)



போர்வெல் மோட்டாரைக் கழற்றி மேலே தூக்கியபோது நீங்கள் எல்லோரும் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தீர்களே, அதுமாதிரி ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இது ராக்கெட் எஞ்சின், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்ணோடங்கள் 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மூன்று முதன்மை எஞ்சின்கள். ஒரு எஞ்சின் 14 அடி நீளம், சுமார் மூன்றரை டன் எடை. விண்ணோடம் திரும்பியதும் புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி மையத்தில் அவற்றைக் கழற்றிச் சோதிப்பார்கள். பிறகு பெரிய ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் படுக்கைவாட்டில் ஏந்தி, அங்குலம் அங்குலமாக உள்ளே நுழைத்து மாட்டுவார்கள். அதே எஞ்சின் அதே ஓடத்துக்கே போகவேண்டும் என்பதில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் பதிவேடு. பழைய பேங்க் கிளார்க்கான எனக்கு லெட்ஜர்தான் ஞாபகம் வருகிறது!

எஞ்சினுக்குள் ஆக்சிஜனைச் செலுத்த நூற்றுக்கணக்கான சிறு குழாய்கள் உண்டு. ஒன்று பழுதானால் தங்க முலாம் பூசிய சின்ன ஆணியைச் செருகி அடைத்துவிடுவார்கள். நம் பிளம்பர் செய்வதுதான்.

1999 ஜூலை 23. கொலம்பியா கிளம்புகிறது. தளபதி எய்லீன் காலின்ஸ், ஷட்டிலுக்குத் தலைமையேற்ற முதல் பெண். உள்ளே மொத்தம் ஐந்து பேர். சரக்கு, சந்திரா தொலைநோக்கி. நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது.

எஞ்சின் பற்றியதுமே அந்த ஆணி பிய்த்துக்கொண்டு பறந்து, நாசிலின் உட்சுவரில் மோதியது. அந்தச் சுவரே 1,080 மெல்லிய குழாய்களால் ஆனது. அவற்றுக்குள் ஓடும் ஹைட்ரஜன்தான் அது உருகாமல் காக்கிறது. மூன்று குழாய்கள் கிழிந்தன. வழியெல்லாம் ஹைட்ரஜன் கசிவு. ஈடுகட்டக் கணினி ஆக்சிஜனைக் கூடுதலாகச் செலவழித்தது. அது சற்று முன்னதாகவே தீர்ந்து எஞ்சின்கள் நின்றன. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 5 மீட்டர் குறைவு, அவ்வளவே. இன்னும் சில குழாய்கள் கிழிந்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சிறிய எஞ்சின்களைக் கொண்டு சுற்றுப்பாதையைச் சரிசெய்தார்கள். சந்திராவும் அன்றே பத்திரமாக வெளியே போய்ச் சேர்ந்தது. தரையிறங்கியபின் பார்த்தால், கிழிசல்கள் கண்ணுக்கே தெரிந்தன. அதற்குப் பிறகு ஆணியடித்து அடைக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.