பனிக்காலமும் வசந்தமும்: ஐரோப்பாவில் நம் மாணாக்கர்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஐரோப்பாவில் மாணாக்கர் வாழ்க்கை என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். அது கடல்போற் பரந்த விஷயம். அந்நாட்டுக் கலாசாலைகளின் பெருமையையும் பட்டங்களின் மதிப்பையும் எடுத்துரைக்கப் பலர் இருக்கின்றனர். ஆதலின் அவற்றை விடுத்து, ஒருவரும் சொல்லாத ஒன்றையே இன்று சொல்ல விரும்புகிறோம். பனிக்காலம் முற்றி, இருள் கவிந்து, பின்னர் மெல்ல மெல்ல வசந்தம் பிறக்கும் அந்த ஐந்தாறு மாதங்களில் நம் பிள்ளைகள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே அது. இதனை மாணாக்கரைக் காட்டிலும் பெற்றோரே செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும்.

இப்போது நம்மவர் பெரிதும் நாடிச் செல்லும் தேசங்களுள் ஜெர்மனி ஒன்று. 2023-24-ஆம் ஆண்டுப் பனிக்காலப் பருவத்தில் ஏறத்தாழ 49,000 இந்திய மாணாக்கர் அங்கே பயின்றனர். அத்தேசத்தின் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் போதனைக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் மாணாக்கன் தன் ஜீவனத்திற்கு வேண்டிய பொருள் உண்டென்று முன்னரே காட்டல் வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை ஆண்டிற்கு 11,904 யூரோ ஆயிற்று. அதனை ஒரு கணக்கிற் கட்டினால் மாதம் 992 யூரோ வீதமே கைக்கு வரும். இத்தொகையைத் திரட்ட நம் குடும்பங்கள் எதை விற்கின்றன, எதை அடமானம் வைக்கின்றன என்பது இங்கு அமர்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாததன்று.

யாம் சென்றது லைப்சிக் என்னும் நகரம். பழம்பெருமை வாய்ந்தது, 1409-ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகம் கண்டது. நம் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த கார்ல் கிரௌல் என்னும் பாதிரியார் தம் தமிழ் நூல் வரிசையை வெளியிட்டதும் அந்நகரிலேதான். அக்குறள் மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டு 1856. இவற்றையெல்லாம் படித்து, ஏதோ உறவினர் ஊருக்குச் செல்வது போன்ற உவகையோடு 2016 அக்டோபரில் போய் இறங்கினோம். அங்கே காத்திருந்த பனிக்காலத்தைப்பற்றி மட்டும் யாதொன்றும் அறிந்திலோம்.

குளிரைப்பற்றி எல்லாரும் எச்சரித்தனர். கம்பளிச் சட்டையும் கையுறையும் எம் அன்னையார் பெட்டி நிறைய வைத்தார். குளிரோ பெரிதன்று, உடைமேல் உடை அணிந்தால் அது நீங்கும். நீங்காதது இருள். நம் சென்னையில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒன்றரை மணி நேரமே. லைப்சிக் நகரமோ வட அட்சரேகை 51 பாகைக்கு மேல் உள்ளது. அங்கே டிசம்பர் மாதக் கடைசியில் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. காலை எட்டு மணிக்கு மேல் சூரியன் எழுந்து மாலை நான்கு மணிக்கு மறைந்துவிடுகிறான். அந்த எட்டு மணியிலும் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். வாரக்கணக்கில் நிழலைக் காண்பது அரிது. விளக்கேற்றி வகுப்பிற்குச் சென்று, விளக்கேற்றியபின் அறைக்குத் திரும்புவோம்.

இதனோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் அடைபட்டிருக்கும். கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலத்தில் ஜெர்மானிய மாணாக்கர் தத்தம் ஊர் சென்றுவிட, விடுதியின் தாழ்வாரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். பின்னர் பிப்ரவரி பிறக்கும். இருள் இன்னும் முற்றும் நீங்காத அம்மாதத்தில்தான் பருவப் பரீட்சைகள் வருகின்றன. அங்கே ஒரு பாடத்தில் தவறினால் எத்தனை முறையும் எழுதலாம் என்று எண்ணுதல் பிழை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாய்ப்புகளே உண்டு. அவற்றையும் இழந்தவன் அப்படிப்பைத் தொடரல் இயலாது.

எம் வரலாற்றை ஒளிக்காமற் கூறுகிறோம். டிசம்பர் முதல் உறக்கம் முறை மாறிற்று. விடியுமுன் விழித்தாலும் எழ மனம் வாராது. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். ஊரில் பரீட்சைகளிற் பின்வாங்காத எமக்கு இஃது ஏன் நேர்ந்தது என்று விளங்கவில்லை. சோம்பல் என்று எம்மை யாமே நிந்தித்துக்கொண்டோம். பிப்ரவரியில் எழுதிய நான்கு பாடங்களில் இரண்டில் தவறினோம்.

ஞாயிறுதோறும் வீட்டாருடன் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். அன்னையார் "சாப்பிட்டாயா?" என்பார், "ஆயிற்று" என்போம். தந்தையார் "படிப்பு எப்படி?" என்பார், "நன்றாக நடக்கிறது" என்போம். பேசும்போது விளக்கை முகத்தின்முன் வைத்துக்கொள்வோம், முகவாட்டம் தெரியாதிருக்கும் பொருட்டு. எம்மை அனுப்புவதற்காகத் தந்தையார் பாட்டனார் காலத்து நிலத்தை அடமானம் வைத்திருந்தார். அந்த எண்ணமே வாயைக் கட்டிற்று. கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரிடம் துன்பம் என்று சொல்வது நன்றிகேடு என்று கருதினோம். நம் பிள்ளைகளிற் பலர் இன்றும் அவ்வாறே கருதுகின்றனர்.

எம்மைக் காத்தவர் யார் தெரியுமா? எதிர் அறையில் இருந்த வங்காள தேசத்து மாணாக்கர். "மூன்று நாளாக உன்னைச் சமையலறையிற் காணவில்லையே" என்று கதவைத் தட்டினார். சோறும் பருப்பும் சமைத்து எதிரே அமர்ந்து உண்ணச் செய்தார். மறுநாள் மருத்துவரிடம் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அவர் எம் குலமும் கேட்டிலர், மதமும் கேட்டிலர். நம் சங்கத்தின் மேடையில் நின்று இதனைச் சொல்வது எம் கடமை என்றே சொல்கிறோம். இங்கே நம்மவர் என்று யாரைச் சொல்லுகிறோமோ அவர்கள் ஒருவரும் இல்லாத இடத்தில், கதவைத் தட்டியவரே நம்மவர்.

மருத்துவர் எம் நிலையைக் கேட்டுச் சிறிதும் வியப்புறவில்லை. இருண்ட மாதங்களில் மனம் சோர்ந்து, உறக்கம் மிகுந்து, ஊக்கம் குன்றும் ஒருவகை நோய் உண்டென்றும், ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் கூட்டத்தாரும் 1984-ஆம் ஆண்டில் அதனை விவரித்து எழுதினர் என்றும், காலைப்பொழுதில் மிகுந்த ஒளியின்முன் அமர்வது அதற்கான சிகிச்சைகளுள் ஒன்றென்றும் விளக்கினார். அத்தகைய வட தேசங்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை சூரிய ஒளியால் உடலில் 'டி' வைட்டமின் போதிய அளவு உண்டாவதில்லை. நம்போன்ற கருநிறத் தோலுடையார்க்கு அக்குறை இன்னும் அதிகம். இரத்தத்தைச் சோதித்ததில் எமக்கும் அக்குறை இருந்தது. சோம்பல் என்று யாம் எண்ணியிருந்ததில் பெரும்பங்கு நோய் என்று அறிந்தபோது எம் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிற்று.

அன்றிரவே தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அடமானம் வைத்தது நிலத்தைத்தானப்பா, உன்னை அல்ல. முதலில் உடம்பைப் பார்" என்றார். அவ்வளவே. அவ்வொரு வார்த்தைக்காக மூன்று மாதம் காத்திருந்தோம் என்பது அப்போதுதான் எமக்கே தெரிந்தது.

இவ்விடத்தில் கணித மேதை இராமாநுஜனைப்பற்றி ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. அவர் கேம்பிரிட்ஜ் நகரம் சென்றது 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதாவது வசந்த காலம். அடுத்துக் குளிர் வந்தது. இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேற்சட்டை அணிந்து சால்வை போர்த்துப் படுப்பதாகவும் தம் நண்பர் மகலனோபிஸ் என்பாரிடம் கூறினார். நண்பர் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளங்கள் மெத்தையின் கீழ் இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுத்தல் வேண்டும் என்பது இராமாநுஜனுக்குத் தெரியாது. அவற்றின் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். கம்பளம் இருந்தது, அதனைக் காட்டுவார்தாம் இல்லை. 1917-இல் அவர் நோயுற்றார். 1919-இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரலில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார். அவர் நோய்க்குக் குளிரே காரணம் என்று கூறோம். எத்துணைப் பேரறிவு வாய்ந்தவனுக்கும் அயல்நாட்டில் "உனக்கு என்ன குறை?" என்று கேட்க ஒருவர் வேண்டும் என்பதற்கே இதனைச் சொன்னோம்.

இது நிற்க. வசந்தத்திற்கு வருவோம். அது ஒரே நாளில் வருவதன்று. பிப்ரவரியிலேயே பனிக்கு இடையில் சிறு வெண்மணிபோலும் ஒரு பூத் தலைகாட்டும். அடுத்து மஞ்சளும் ஊதாவுமாகக் குரோக்கஸ் மலர்கள் புல்வெளியில் எழும்பும். விடியலில் கரும்பறவை ஒன்று கூரைமேல் இருந்து பாடும். மார்ச்சு மாதத்தில் பகற்பொழுது நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் வளர்கிறது. வாரத்திற்கு அரைமணிக்குச் சற்றுக் குறைவு. கண்ணாலே காணத்தக்க வளர்ச்சி. அம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேசமெங்கும் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பர். நமக்கும் அவர்க்கும் உள்ள நான்கரை மணி நேர வேற்றுமை அன்று மூன்றரை ஆகிறது. ஊர் ஒரு மணி அருகில் வந்தாற்போல எமக்குத் தோன்றிற்று. சிறிது வெயில் விழுந்தால் போதும், அந்நாட்டார் மேற்சட்டையோடு வீதியோர நாற்காலிகளில் அமர்ந்து கண்களை மூடி முகத்தைச் சூரியனுக்குக் காட்டியிருப்பர். முதலில் நகைத்தோம், மறுவாரம் யாமும் அவ்வாறே அமர்ந்தோம்.

லைப்சிக் நகரின் ஊடே ஆற்றங்கரைக் காடு ஒன்று செல்கிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அக்காட்டின் தரை முழுதும் காட்டுப்பூண்டு தழைத்து, காற்றே பூண்டு மணக்கும். வங்காள தேசத்து நண்பருடன் முதல்முறை அங்கு நடந்தபோது, எம் வீட்டு அடுக்களையில் இரசத்திற்குப் பூண்டு தட்டும் மணம் என்று திகைத்து நின்றோம். அவ்வூரார் அவ்விலையைப் பறித்துச் சமைக்கின்றனர். ஆயினும் அதனைப் போன்ற தோற்றமுடைய நச்சிலையும் உண்டாதலால், அறியாதார் பறித்தல் ஆகாது. அம்மணத்தோடு எமக்குப் பசி திரும்பிற்று. பசியோடு படிப்பும் திரும்பிற்று. தவறிய இரண்டு பாடங்களையும் அடுத்த வாய்ப்பில் எழுதித் தேறினோம். சித்திரை பிறந்த அதே வாரத்தில் நகரமெங்கும் மரங்கள் பூத்திருந்தன. நம் முன்னோர் சித்திரையை இளவேனில் என்றது அவ்வூருக்கும் பொருந்துவது கண்டு மகிழ்ந்தோம்.

எல்லாருக்கும் இவ்வாறே முடியும் என்று கூறமாட்டோம். சிலர் திரும்பி வரவே நேரலாம். அதனை அவமானமாகக் கருதுவோர்க்கு ஒன்று சொல்வோம். ஜெர்மானியர் தம் மகாகவியாகப் போற்றும் கதே, தந்தையின் விருப்பப்படி சட்டம் பயில 1765-இல் இதே லைப்சிக் நகரத்திற்குப் பதினாறு வயதில் வந்தவர். 1768-இல் கடும் நோயுற்றுப் பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். உடல் தேறிய பின்னர் வேறு நகரம் சென்று படிப்பை முடித்தார். பனி உருகி மக்கள் வெளியே உலாவப் புறப்படும் வசந்த நாளைத் தம் 'பௌஸ்ட்' நாடகத்தில் அமைத்தவரும் அவரே. திரும்பி வந்த பிள்ளைக்கு வீட்டுக் கதவு திறந்திருந்தது. அதனால் ஒரு தேசத்திற்குக் கவி கிடைத்தான்.

இனி எம் வேண்டுகோள்களைச் சுருக்கிக் கூறுவோம். பெற்றோர்களே! "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு, "இன்று வெளியே நடந்தாயா, யாரோடு பேசினாய், நன்றாக உறங்கினாயா" என்றும் கேளுங்கள். கடனை நினைவூட்டாதீர்கள்; அதனை அவர்கள் மறப்பதேயில்லை. மாணாக்கர்களே! பகல் வெளிச்சத்தில் அரைமணியேனும் வெளியே நடவுங்கள். மருத்துவரைக் கேட்டு வேண்டிய வைட்டமினை உட்கொள்ளுங்கள். பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் நல நிலையங்கள் மன ஆலோசனை தருகின்றன. அங்கே செல்வது இழிவன்று. பக்கத்து அறையான் மூன்று நாள் சமையலறைக்கு வாராவிட்டால் கதவைத் தட்டுங்கள். அவன் எவ்வூரான், எக்குலத்தான் என்று பாராதீர்கள்.

சங்கத்தாரே! நம் கல்வி நிதியிலிருந்து உதவி பெற்றுச் செல்வோரிடம் நாம் மதிப்பெண் பட்டியலை மட்டும் கேட்கிறோம். அங்குப் பயின்று திரும்பியவர்களைக்கொண்டு ஒரு சிறு குழு அமைத்து, நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் இருமுறை ஒவ்வொரு பிள்ளையோடும் பேசச் செய்வோமாக. முதற் பரீட்சையில் தவறியவனுக்கு உதவித்தொகையை நிறுத்தும் விதியையும் மாற்றுவோமாக. முதற் பனிக்காலத்தின் தோல்வியைக்கொண்டு ஒருவன் தகுதியை அளத்தல் நீதியன்று. இப்பணியில் முதலாவதாக எம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கடல் கடந்து சென்ற நம் பிள்ளைகள் யாவரும் இருள் நீங்கி ஒளி கண்டு, உடல் நலத்தோடும் கல்வி நிறைவோடும் வீடு சேர எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.